மார்கழி வெயிலில் ஒரு மாளிகை



அக்டோபரிலும் நவம்பரிலும் கொட்டித் தீர்த்த மழை ஓய்ந்துவிட்டது. பினாங்கு மலையின் முகடு விடிந்ததுமே பளிச்சென்று தெரிகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து தைப்பூசம் வரையிலான இந்த வாரங்களைப் போல் பழைய மாளிகைகளைப் படமெடுக்கத் தோதான காலம் நம் தீவில் வேறில்லை என்பது என் கட்சி. காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கிறது. வெயிலும் இடம் மாறியிருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேல் இருக்கிறோம். ஜூனில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாக விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கி, உச்சிப் பொழுதிலும் ஏறக்குறைய 61 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்கு பார்த்த தூண்களும் வளைவுகளும் நிழலும் ஒளியுமாகத் துலங்குவது இப்போதுதான்.

அதனால் இந்த முறை படப் பக்கங்களுக்கு ஆயர் ஈத்தாம் சாலையில் இருக்கும் சஃபோக் மாளிகையைத் தேர்ந்தெடுத்தோம். 1786இல் இங்கே ஆங்கிலேயக் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த இடம் அது. தன் சொந்த ஊர் வட்டாரத்தின் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார். அவர் 1794இல் இறந்துபோனார். இன்று நிற்கும் மாளிகை அதற்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஆளுநர்கள் வாழ்ந்தார்கள், பின்னாளில் மெதடிஸ்ட் பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள், பிறகு கூரை இடிந்து, சுவர்களில் செடி முளைத்துப் பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. மீட்கப் பாடுபட்டவர்களின் உழைப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நகரானதும் அதே ஆண்டில்தான். அந்த மரபுரிமை எல்லைக்கு வெளியே மாளிகை இருப்பதாலோ என்னவோ, லீத் தெருவின் நீல மாளிகைக்குப் போகிற கூட்டம் இங்கே வருவதில்லை.

செக் நாட்டின் ஹ்லுபோகா மாளிகையைப் பனிக்காலத்தில் எடுத்த படங்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால் வெள்ளைக் கோபுரங்கள் முழுசாகத் தெரியும். நம் மரங்கள் அப்படி வழிவிடுவதில்லை. நாம்தான் தோட்டத்தைச் சுற்றி நடந்து இடைவெளி தேட வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் இரண்டு ஊருக்கும் பொது. பனியானாலும் சுண்ணாம்புச் சுவரானாலும், பிரேம் முழுக்க வெண்மை நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். ஒளி அளவை ஒரு படி கூட்டுங்கள். கைப்பேசி என்றால் திரையில் சுவரைத் தொட்டு, வெளிச்சக் கோட்டை மேலே இழுத்தால் போதும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். லென்ஸில் ஆவி படியும். கொஞ்ச நேரம் பையிலேயே இருக்கட்டும்.

1860களின் தொடக்கத்தில் இங்கே பத்து மாதம் தங்கிப் படமெடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் இத்தனை சுலபமாக எடுத்துவிடவில்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். பிறகு வெள்ளிக் கலவை தடவிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்து அச்செடுக்க வேண்டும். அந்த வேலைக்குச் சீனர்கள் வர மறுத்ததால் மதராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி வைத்துக்கொண்டதாக, 1875இல் வெளியான தன் பயண நூலில் அவர் எழுதுகிறார். நம் ஊர்ப் படக்கலையின் தொடக்கத்திலேயே அச்சுப் போட்டவை அவர்களுடைய கைகள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் யார் பெற்ற பிள்ளைகள், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்று மனம் தேடுகிறது. தாம்சனின் பெயரை உலகம் அறியும். இவர்களின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

பழைய மாளிகைப் படங்களைப் பார்த்தால் இந்த ஏக்கம் கூடுகிறது. முகப்பும் படிக்கட்டும் தெரிய, துரையும் குடும்பமும் நடுவில் இருப்பார்கள். புல்வெட்டியவர், குதிரை பார்த்தவர், பிள்ளை வளர்த்த ஆயா ஆகியோர் ஓரத்தில் பாதி வெட்டுண்டு நிற்பார்கள். எங்களுக்கு வேண்டியது அந்த ஓரம்தான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாளிகைகளுக்குப் போகும்போது முகப்பை ஒன்று எடுத்த கையோடு பின்கட்டுக்கும் போங்கள். சமையற்கட்டு, கிணற்றடி, வேலையாட்கள் குடியிருந்த அறை என்று எது மிஞ்சியிருந்தாலும் எடுங்கள். அங்கே இன்று வேலை செய்பவர்களையும் அவர்கள் சம்மதத்தோடு எடுங்கள், பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பினாங்கு மலை பங்களாக்களிலோ நகரத்து மாளிகைகளிலோ உங்கள் தாத்தா பாட்டி வேலை பார்த்திருந்தால், வீட்டு ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தைப்பூசத்துக்குள் அனுப்பினால் மாசி இதழில் இடம் ஒதுக்கிவைக்கிறோம். பழைய படமென்றால் அசலை அனுப்ப வேண்டாம், நகல் போதும். பின்புறம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஒரு படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்