பழைய டீசல் லாரியும் எஞ்சினின் சுற்று வேகமும்

லாரி ஒன்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் செல்கிறது என்பதைக் கவனிப்போர் பலர். அந்த வேகத்தில் அதன் எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. எண்ணெய்ச் செலவும் எஞ்சினின் ஆயுளும் பெரிதும் இந்த இரண்டாவது எண்ணைச் சார்ந்தவை. ஆதலின், பழைய லாரிகளை வைத்துப் பிழைக்கும் சிறு உரிமையாளர்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் யோசனை கூறும் நிலையிலுள்ள களப் பணியாளர்கள் இவ்விஷயத்தைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

நம் நாட்டின் பழைய லாரிகள் வேறொரு சாலைக்காக அமைக்கப்பட்டவை. குறுகிய பாதை, மேடு பள்ளம், மலையேற்றம், அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட பாரம் ஆகியவற்றை எண்ணியே அவற்றின் பற்சக்கர விகிதங்கள் வகுக்கப்பட்டன. மணிக்கு 50 கிலோமீட்டர் அன்று நல்ல வேகம். 1999இல் அடிக்கல் நாட்டப்பட்ட தங்க நாற்கரச் சாலைத் திட்டம் 5,846 கிலோமீட்டர் நீளத்திற்கு நாட்டின் போக்கை மாற்றிவிட்டது. சாலை மாறிற்று; லாரியின் பின் அச்சிலுள்ள பற்கள் மாறவில்லை. ஆக்ராவில் உருளைக்கிழங்கு ஏற்றிக் கொண்டு கிழக்கே செல்லும் பழைய லாரி, இன்று 75 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடுகிறது. எஞ்சினோ தன் உச்ச வரம்பை ஒட்டி அலறிக்கொண்டிருக்கிறது.

இதைக் கணக்கிட ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் கணிதமே போதும். டயரில் சுண்ணாம்புக் கோடு ஒன்றிட்டு, லாரியை ஒரு முழுச் சுற்று நகர்த்தி, தரையை அளந்தால் சக்கரத்தின் சுற்றளவு கிடைத்துவிடும். அது 3.1 மீட்டர் என்க. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்திற்கு 1,000 மீட்டர். ஆகவே சக்கரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 322 முறை சுழல்கிறது. பின் அச்சில் பினியனுக்கு 6 பற்களும் கிரௌன் சக்கரத்திற்கு 41 பற்களும் இருப்பின் விகிதம் 6.83. மேல் கியரில் எஞ்சினும் புரொப்பெல்லர் தண்டும் சமமாகச் சுழலும் வண்டியில், எஞ்சினின் வேகம் சுமார் 2,200 சுற்று. அதே லாரி 75 கிலோமீட்டரில் செல்லும்போது அது 2,750 சுற்றாகிறது. 2,800 சுற்றையே உச்ச வரம்பாகக் கொண்ட எஞ்சினுக்கு இஃது ஓட்டமன்று, ஓயாத ஓலம்.

வேகம் மிகுவதால் நேரும் நஷ்டம் இருவகைப்பட்டது. முதலாவது எஞ்சினுக்குள் நேர்வது. பிஸ்டன், மோதிரங்கள், தாங்கிகள், எண்ணெய்ப் பம்பு, தண்ணீர்ப் பம்பு, விசிறி இவையனைத்தையும் சுழற்றவும் உராயவும் ஆகும் சக்தி, சுற்று வேகத்தைவிட விரைவாக ஏறுகிறது. பிஸ்டனின் வீச்சு 120 மில்லிமீட்டராயின் 2,800 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 11.2 மீட்டர்; 2,000 சுற்றில் 8 மீட்டர். மேலும் கீழும் பாயும் பிஸ்டனை ஒவ்வொரு முனையிலும் நிறுத்தித் திருப்பும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 2,000 சுற்றில் அவ்விசை 2,800 சுற்றில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. தேய்ந்த தாங்கிகளையுடைய பழைய எஞ்சினுக்கு இந்தப் பாதி சிறு சலுகையன்று.

இரண்டாவது நஷ்டம் எஞ்சினுக்கு வெளியே, காற்றில் நேர்வது. காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கமாகவே பெருகும். 60இலிருந்து 75க்கு ஏறினால் எதிர்ப்பு 1.56 மடங்காகிறது, அதை வெல்வதற்கான திறன் ஏறக்குறைய இரு மடங்காகிறது. தார்ப்பாய் மூடிய லாரி காற்றைக் கிழிக்கும் அழகு நாம் அறிந்ததே. கார்களுக்குப் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல்லாண்டுகளாகக் கூறிவரும் யோசனையும் இதுவே: 80 கிலோமீட்டரைவிட 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் 40 சதவீதம் வரை கூடுதல் தூரம் கிடைக்கக்கூடும்.

இங்கேதான் பரிகாரத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு எழுகிறது. உரிமையாளர் பலர் முதலில் நாடுவது மெக்கானிக்கின் பட்டறையை. 41க்கு 6 என்பதை எடுத்துவிட்டு 37க்கு 6 பொருத்தினால் விகிதம் 6.17 ஆகும், எந்த வேகத்திலும் எஞ்சின் பத்தில் ஒரு பங்கு குறைவாகச் சுழலும். கணக்கு சரியே. ஆனால் எஞ்சினின் இரைச்சல் தணிந்தவுடன் ஓட்டுநரின் பாதம் தானாகவே இறங்குகிறது. புதிய விகிதத்தோடு 75இல் செல்லும் லாரியின் எஞ்சின் 2,490 சுற்றுச் சுழல்கிறது. பழைய விகிதத்தோடு 60இல் செல்லும் லாரியின் எஞ்சின் 2,200 சுற்றே சுழல்கிறது. பணம் செலவிட்டவனுடைய எஞ்சின்தான் அதிகம் உழைக்கிறது; காற்றுக்குச் செலுத்தும் வரியும் அவனுக்கே. பற்சக்கரம் ஒரு நஷ்டத்தை மட்டுமே குறைக்கும். ஆக்ஸிலேட்டரின் மேலுள்ள பாதம் இரண்டையும் குறைக்கும். ஆதலின் பாதமே முதலில் திருந்த வேண்டும். பற்களைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பிறகும் எல்லோருக்கும் அது பொருந்துமோ என்றால், இல்லை. கங்கைச் சமவெளியிலேயே ஓடும் லாரிக்கு 6.17 ஏற்கத்தக்கது. நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிக் கொண்டு கசாரா மலைப்பாதை வழியாக மும்பைக்கு இறங்கும் லாரிக்கு அது ஏற்றதன்று. திரும்பி ஏறுகையில் ஒவ்வொரு கியரிலும் இழுவிசை பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். இறங்குகையில் நேரும் கேடு இன்னும் பெரிது. தாழ்ந்த கியரில் எஞ்சின் தரும் தடையும் அவ்வளவுக்குக் குறைவதால், எஞ்சியதையெல்லாம் பிரேக் டிரம்களே தாங்கிச் சூடேறுகின்றன. கவர்னர் காப்பாற்றும் என்று எண்ணுவதும் பிழை. அக்கருவி எண்ணெயை நிறுத்த வல்லதேயன்றிப் பின்னாலிருந்து தள்ளும் சுமையை நிறுத்த வல்லதன்று.

பெரிய டயர் மாட்டும் யோசனையை விரிவாக ஆராய வேண்டியதில்லை. டயர் உரசும், ஸ்டியரிங் கனக்கும், பதிவுச் சான்றிலுள்ள விவரத்தோடும் முரண்படும். பற்சக்கரத்தை மாற்றுவோரும் பதிவு அதிகாரியிடம் முன்னதாகக் கேட்டறிதல் நலம்.

எஞ்சின் வேகத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லையுண்டு. எஞ்சின் மிகுந்த முறுக்குவிசை தரும் சுற்று வேகத்திற்குச் சற்று மேலே நிற்பதே உகந்தது. பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் அவ்வேகம் 1,500 சுற்றை அடுத்து அமைகிறது. அதற்கும் கீழே இறக்கி, மேல் கியரிலேயே மேட்டை ஏறுமாறு கட்டாயப்படுத்தினால் கரும்புகை எழும், வெப்பம் ஏறும், தாங்கிகள் அடிபடும். ‘கியர் மாற்றினால் எண்ணெய் போகும்’ என்று நம்பி எஞ்சினை முனக விடும் ஓட்டுநர்கள் இன்றும் உளர். அத்தருணத்தில் கீழ்க் கியருக்கு வருவதே சிக்கனம்.

ஓட்டுநரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. 2018ஆம் ஆண்டின் அறிவிக்கை சரக்கு வாகனங்களுக்கு நான்கு வழிச் சாலையில் 80, இதரச் சாலைகளில் 60 கிலோமீட்டர் என வரம்பிட்டது. வரம்பு என்பது அடைய வேண்டிய இலக்கன்று. ஆயினும் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சேர வேண்டிய நேரத்தையும் இறுக்கி வைத்தபின், மெதுவாகச் செல்க என்று உபதேசிப்பதால் பயன் என்ன? 300 கிலோமீட்டரை 75இல் கடந்தால் 4 மணி, 60இல் கடந்தால் 5 மணி. சுங்கச் சாவடியும் ஊர் நெரிசலும் சேர்ந்தபின் வித்தியாசம் அவ்வளவு கூட நிற்பதில்லை. மண்டியின் வாயிலில் விடியும் வரை காத்துக் கிடக்கும் லாரி, அந்த ஒரு மணியை யாருக்காகச் சேமித்தது? நேர அட்டவணையை வகுப்பவர் அந்த ஒரு மணியை எழுத்தில் கொடுத்துவிட்டால், பாதம் தானே இலகுவாகும்.

விகிதத்தை மாற்றியே தீருவோம் என்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு; பலரும் மறப்பதும் இதுவே. பழைய லாரிகளின் வேகமானி பொதுவாக கியர்ப் பெட்டியின் வெளித் தண்டிலிருந்து இயங்குகிறது. கிரௌனை மாற்றியபின் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 66ஐத் தாண்டியிருக்கும். தூரமும் குறைவாகவே பதிவாகும்: 1,000 கிலோமீட்டர் ஓடினால் 902 என்றே காட்டும். முன்பு 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் செலவிட்ட லாரி, மாற்றியபின் 240 லிட்டரே செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்பது 4.17 ஆக உயர்ந்திருக்கிறது. பதிவேடோ 3.76 என்று காட்டும். மிச்சம் பிடித்த ஓட்டுநரிடமே எண்ணெய் எங்கே போயிற்று என்று விளக்கம் கேட்கப்படும். வேகமானியின் சிறு பற்சக்கரத்தையும் உடன் மாற்றுதல் வேண்டும். அது கிடைக்காவிடில், மீட்டர் காட்டும் தூரத்தை 1.108ஆல் பெருக்குக என்ற குறிப்பை, மாற்றிய தேதியுடன், வண்டிப் பதிவேட்டின் முதற் பக்கத்திலேயே எழுதி வைத்தல் வேண்டும்.