வானம் பொய்த்த ஊருக்கு வரும் முன்பணம்



மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறினால் சில நிமிடங்களில் அலுவிகாரை வந்துவிடும். பாளி திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட குகைக்கோயிலைப் பார்க்க வந்தவர்களின் வேன்கள், வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள், அவ்வளவுதான் நம் கண்ணில் படும். கோயிலுக்கு முன்னால் ஓடும் ஏ9 வீதியைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மலையகத் தமிழரான நம் முன்னோர் கால்நடையாக வந்த வடபாதை இது. கோப்பிக் காலத்தில் காலராவாலும் பசியாலும் இதன் ஓரத்தில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 2023 ஜூலை 28-ல் தலைமன்னாரில் புறப்பட்ட நினைவு நடைபயணம் ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் நிறைவடைந்தபோது, அந்தப் பெயரில்லாதவர்களுக்காகத்தான் பலர் அழுதார்கள்.

ஆசை காட்டி அழைத்து வந்தார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஆள்சேர்க்கும் கங்காணிக்கு முன்பே பல ஊர்களுக்குள் வந்துவிட்டது பஞ்சம். 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணம் தீய்ந்தது. பசிபிக் கடலின் சூடு ஏறியதில் பருவமழை தவறியது என்று இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்தியாவில் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மாண்ட பஞ்சம் அது. அந்த நேரத்தில் முன்பணத்தோடு வாசலில் நிற்பவனிடம் எவரால் பேரம் பேச முடியும்? வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக, கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். இலங்கையில் அடிமைமுறை 1844-லேயே சட்டப்படி ஒழிந்தது. துண்டு 1921 வரை இருந்தது.

கடன்பட்ட இத்தகைய கைகளைக் கொண்டே மலைக்காடு வெட்டப்பட்டது. 1870-களின் இறுதியில் கோப்பி 2.5 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. பிறகு இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, காடு மட்டும் திரும்பவில்லை. காட்டை வெட்டியவர்களின் வழிவந்தவர்கள் அதே சரிவில், வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிறார்கள். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து பற்றி முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது. 1948-ல் குடியுரிமையே பறிக்கப்பட்ட சனத்துக்குச் சொந்தக் காணி எங்கிருந்து வரும்? வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் லயத்துக் காம்பறாவே நிலைக்கும் என்றிருந்தவர்கள் எங்கே போவார்கள்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போதும் சரிந்தவற்றில் பெரும்பகுதி நம் மலைகள்.

வறட்சியும் கடனும் சேர்ந்து ஆளைக் கட்டிப்போடுவது நம்மோடு நிற்கவில்லை. கம்போடியாவில் வறட்சியால் கடனில் விழுந்த விவசாயிகளின் கடனைச் செங்கல் சூளை முதலாளி வாங்கிக்கொண்டு குடும்பத்தையே சூளைக்கு ஏற்றுகிறார். துண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அடிமை உழைப்பால் வெட்டப்படும் காடுகளையும் எரியும் சூளைகளையும் கூட்டி ஒரு நாடாகக் கொண்டால், கரியமில வாயு வெளியிடுவதில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடத்தில் அது நிற்கும் என்று 2016-ல் நவீன அடிமைத்தன ஆய்வாளர் கெவின் பேல்ஸ் கணக்கிட்டார். மதிப்பீடுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது. 2021-ல் 4 கோடியே 96 லட்சம் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்ததாகச் சர்வதேசத் தொழில் அமைப்பும் கூட்டாளி அமைப்புகளும் சொல்கின்றன.

இன்றைய தோட்டத்துக்கு வருவோம். வெயில் நீண்டால் கொழுந்து தளிர்க்காது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அடைமழை என்றாலும் வேலை நாள் குறைகிறது. அந்த மாதம் கடையில் கடன், பிறகு நகை அடகு, பிறகு நுண்கடன். கடைசியில் ஏஜென்சிக்காரர் வருகிறார்: கொழும்பில் வீட்டுவேலை, இல்லையென்றால் வளைகுடா. அங்கே இறங்கியதும் பலரின் பாஸ்போர்ட் எஜமானின் அலுமாரிக்குள் போய்விடுகிறது. 2021 இறுதியில் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா, நவீன அடிமைத்தனத்தின் வடிவங்களுக்கு இலங்கையில் ஓர் இன முகமும் இருப்பதைச் சுட்டி மலையகத் தமிழரைக் குறிப்பிட்டார். காலநிலை மாநாடுகளில் கரிக்கணக்கு பேசும்போது இந்த அரைப்பேரையும் அதில் சேர்க்க வேண்டும். லயத்துக்குப் பதில் பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு கூடிய காணி கொடுப்பதும் காலநிலை வேலைதான்.

தோட்டத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் மழையாலும் வெயிலாலும் எத்தனை நாள் வேலை போனது, எத்தனை அரைப்பேர் விழுந்தது, அந்த நாட்களில் என்ன வட்டிக்குக் கடன் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். சம்பளச் சீட்டின் படத்தையும் அனுப்பலாம். பெயரை வெளியிட மாட்டோம். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்