பணப்பையும் கணிப்பொறியும்

ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாய்களும் நுண்பெருக்கிகளும் நிறைந்த ஓர் அறைதான் நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆனால், கடைக்குப் போகிற மனிதர் ஒரு பொருளை ஏன் வாங்குகிறார், எப்போது வாங்குகிறார், வாங்க வேண்டியதை ஏன் வாங்காமல் திரும்புகிறார் என்பதையும் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார்கள் என்றால் நம் மாணவியரில் பலர் வியப்படையக்கூடும். நுகர்வோர் நடத்தை என்பது அத்துறையின் பெயர். இன்று அந்த ஆராய்ச்சி கணிப்பொறியோடு கைகோத்துக்கொண்டு நம் வீட்டுப் பணப்பைவரை வந்து நிற்கிறது. ஆதலால் அதைப் பற்றி நாமும் ஒரு கருத்துக் கொள்ளத்தான் வேண்டும்.

நம் ஊருக்கு இக்கலை புதிதன்று. கார்த்திகைத் தீபத்திற்கு முந்தின வாரம் தேரடி வீதியில் கடை விரிப்பவரைக் கவனித்துப் பாருங்கள். கர்ப்பூரம் கேட்டு வருகிறவர் தீப்பெட்டியும் கேட்பார் என்று அவருக்குத் தெரியும். இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் அருகருகே வைத்திருப்பார். அகல் வாங்குகிற அம்மாள் திரியை மறந்திருப்பார், "திரி வேண்டாமா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், விற்றுவிடும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவர்களுக்கு எந்தத் திருப்பத்தில் தாகம் எடுக்கும் என்பதைத் தண்ணீர் பாட்டில் விற்கிற சிறுவன்கூட அறிவான். பட்டம் பெறாத ஆராய்ச்சியாளர்கள் என்றே இவர்களைச் சொல்லலாம்.

இதே வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் ராகேஷ் அகர்வால். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடேன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவரும் இரு கூட்டாளிகளும் 1993-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெரிய அங்காடிகளில் குவிந்து கிடக்கும் பில்களிலிருந்து எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியை அது கூறிற்று. கணக்கு எளியதுதான். 100 பில்களில் 20 பில்களில் கர்ப்பூரம் இருக்கிறது. அந்த 20-இல் 15-இல் தீப்பெட்டியும் இருக்கிறது என்றால், கர்ப்பூரம் வாங்குகிறவர் தீப்பெட்டி வாங்குவார் என்பதை 75 சதவீதம் நம்பலாம்.

சிக்கல் எங்கே என்றால், ஓர் அங்காடியில் 5,000 வகைப் பொருள்கள் இருந்தால் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்க ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் சோடிகள் வருகின்றன. 1994-இல் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் இதற்கு ஒரு குறுக்குவழி சொன்னார்கள். தனியாகவே அரிதாக விற்கிற பொருள், இன்னொன்றோடு சேர்ந்து அடிக்கடி விற்க முடியாது. ஆகவே அதை முதலிலேயே கழித்துவிடலாம். இவ்வளவுதான். நம் எட்டாம் வகுப்புச் சிறுமிக்கும் விளங்கும் இந்த யுக்திக்கு 'அப்ரியோரி' என்று பெயரிட்டார்கள். இன்றும் உலகெங்கும் கணிப்பொறி வகுப்புகளில் அதைக் கற்பிக்கிறார்கள். அரிய கண்டுபிடிப்புகள் சில நேரங்களில் எவ்வளவு எளிய உண்மையின்மேல் நிற்கின்றன!

ஆனால் பில் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. வாங்கியவர் எந்த மனநிலையில் வாங்கினார்? கையில் பணம் இருந்தபோதா, நகையை அடகு வைத்துவிட்டு வந்தபோதா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சி ஒன்று நம் மாவட்டத்திலேயே நடந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

2010-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் கரும்புப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகளிடம் அந்த ஆராய்ச்சி நடைபெற்றது. நடத்தியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் என்னும் நால்வர். 2013 ஆகஸ்டில் 'சயன்ஸ்' என்னும் புகழ்பெற்ற இதழில் அது வெளிவந்தது.

அவர்கள் கரும்பைத் தேர்ந்தெடுத்த காரணம் அழகானது. கரும்பு ஏறக்குறைய ஓராண்டுப் பயிர். பணம் ஒரே முறை வரும்; செலவோ பன்னிரண்டு மாதமும் இருக்கும். வெட்டுக்கு முந்தின மாதங்களில் வீட்டில் கை முடை. வெட்டு முடிந்து பணம் வந்ததும் அதே வீட்டில் சற்று நிம்மதி. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. ஆகையால் வெட்டு உத்தரவு சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னுமாக, சில மாதங்களில் பரவி வரும். ஒரே மாதத்தில், ஒரே வெயிலில், ஒருவர் பணம் வாங்கியிருப்பார், பக்கத்து வயல்காரர் காத்திருப்பார். ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அதற்குப் பருவநிலையோ பண்டிகையோ காரணம் என்று தள்ளிவிட முடியாது.

வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் பொருளை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் 4 சதவீதம் பேரே. கடன் வைத்திருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13 சதவீதம். இந்த இரு நிலைகளிலும் அதே மனிதருக்குச் சிறு அறிவுச் சோதனைகள் வைத்தார்கள். ஒரு சோதனையில், விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடித்துப் படத்தை நிறைவு செய்ய வேண்டும். இன்னொன்று விளையாட்டுப் போன்றது. அட்டையில் 5 5 5 என்று இருக்கும். எத்தனை எண்கள் என்று கேட்பார்கள். மூன்று என்று சொல்ல வேண்டும். நாக்கோ ஐந்து என்று சொல்லத் துடிக்கும்! (தோழியரே, வீட்டில் செய்து பாருங்கள்; அப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) பணம் வந்த பிறகு அந்தத் தொகுதி முழுவதையும் சராசரியாக 131 விநாடிகளில் முடித்த விவசாயிகள், பணம் வரும் முன் 146 விநாடிகள் எடுத்துக்கொண்டனர், பிழைகளும் அதிகம். படச் சோதனையிலும் அவ்வாறே. இரண்டாம் முறை என்பதால் பழகிப்போய் நன்றாகச் செய்தார்களோ என்னும் ஐயம் எழுமன்றோ? அதற்காக ஒரு பகுதியினரை வெட்டுக்குப் பிறகே முதன்முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள்.

"ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியாது, யோசிக்காமல் வாங்குவார்கள், யோசிக்காமல் கடன்படுவார்கள்" என்று வசதியுள்ளவர்கள் திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தத் தீர்ப்பு இந்த ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. மனிதர் மாறவில்லை, மூளை மாறவில்லை, பணப்பை மட்டும் மாறியிருக்கிறது. வட்டி, உரக்கடன், மகனின் ஹாஸ்டல் கட்டணம் என்று ஒரு கணக்கு தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, வேறு கணக்குக்கு அங்கே இடம் குறைகிறது. பசி வந்தால் எவையெவை பறந்துபோகும் என்பதை நம் பாட்டிமார் பழமொழியாகவே வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர் அதற்கு விநாடிக்கணக்குக் கொடுத்தார்கள்.

இதை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டில், அதே இதழிலேயே, புள்ளிவிவரங்களைக் கையாண்ட முறை குறித்து மறுப்பு எழுதினர். அமெரிக்காவில் குறைந்த வருமானமுள்ளவர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2016-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அறிவுத்திறனில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை என்றது. என் எண்ணம் என்னவெனில், அடுத்த சம்பளத்துக்குச் சில நாள்கள் காத்திருப்பதும், ஓராண்டுப் பயிரின் பணத்துக்குக் காத்திருப்பதும் ஒரே பாரமல்ல. எனினும் மறுப்புகளையும் சேர்த்துப் படிப்பதே படிப்பு.

இப்பொழுது பில்களைப் படிக்கும் கணிப்பொறியையும் முடைப்பட்ட மனத்தையும் ஒன்றுசேர்த்துப் பாருங்கள். இரண்டும் சந்திக்கும் இடம் கைப்பேசி. தேரடி வீதிக் கடைக்காரரை நாம் அறிவோம், அவர் நம்மை அறிவார். நாம் முகம் வாடி வந்தால் "அப்புறம் கொடுங்கள்" என்று சொல்லவும் செய்வார். கைப்பேசிக்குள் இருக்கும் வணிகரை நாம் அறியோம். நாம் எப்போது விழித்திருக்கிறோம், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டோம், மாதத்தில் எந்தத் தேதியில் கை வறண்டுபோகிறது என்பதெல்லாம் அவருக்குக் கிடைக்கக்கூடும். மனம் மிகச் சுருங்கியிருக்கும் அந்த நேரத்தில் "ஐந்தே நிமிடத்தில் கடன்" என்ற வரி திரையில் ஒளிர்ந்தால், யாரைக் குறை சொல்வது?

இது கற்பனைப் பயமன்று. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 நவம்பரில் அறிக்கை தந்தது. அவ்வாண்டு ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களில் தேடியபோது ஏறத்தாழ 1,100 கடன் செயலிகள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் வங்கி விதிகளை வெளியிட்டது. நம் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் கோப்புகளையும் செயலி தொடக்கூடாது; ஆண்டு வட்டி எவ்வளவு என்பதை முன்னரே ஒரு தாளில் காட்ட வேண்டும்; கடன் வாங்கியவர் மனம் மாறினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் மட்டும் கட்டி, அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியே எனக்கு மிகவும் பிடித்தது. முடைப்பட்ட நேரத்து முடிவை மறுநாள் திருத்திக்கொள்ள வழிவிடும் விதி, மனித மனத்தை அறிந்த விதி.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இணைய வணிகத்தின் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. "இன்னும் இரண்டே இருக்கிறது!" என்னும் பொய்யான அவசரம், நாம் கேட்காத பொருளை நம் கூடைக்குள் நழுவவிடுவது, வேண்டாம் என்று சொல்ல நம்மை வெட்கப்படுத்துவது என்பன அவற்றுட்சில. பெற்றோர் இவற்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை திரையில் அடையாளம் கண்டால் நல்லது. அனேகமாகப் பிள்ளைகள்தாம் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

அதற்காகக் கணிப்பொறியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையைக் கேளுங்கள். கல்லூரிக்கு அரசு உதவித்தொகை பெற அப்போது அங்கே நீண்டதொரு படிவம் இருந்தது. ஏழைக் குடும்பங்கள் பல அதைக் கண்டே பின்வாங்கின. வருமான வரிக் கணக்கு எழுதித்தரும் நிறுவனம் ஒன்றின் அலுவலகங்களில், வந்தவரின் வரிக்கணக்கிலிருந்த விவரங்களைக் கணிப்பொறியே எடுத்துப் படிவத்தில் நிரப்புமாறு செய்தார்கள். மீதியைச் சில நிமிடங்களில் உடனிருந்து முடித்துக் கொடுத்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தனர். இன்னொரு சாராருக்கு உதவித்தொகை பற்றிய தகவலை மட்டும் கொடுத்து, படிவத்தை அவர்களிடமே விட்டார்கள். அவர்களிடம் மாற்றமே இல்லை!

நம் பள்ளி அலுவலகத்துக்கு வெளியே ஜூன் மாதத்தில் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு நிற்கும் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சோதனை நினைவுக்கு வருகிறது. "நோட்டீஸ் போர்டில் ஒட்டினோமே" என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்ததாகாது. மேல்வகுப்பு மாணவியர் நான்கு பேர் கணிப்பொறி அறையில் அமர்ந்து, அந்தத் தாய்மாருக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் என்ன? அருட்சகோதரியர் அருள்கூர்ந்து இதை ஆலோசிக்கலாம்.

மாணவியருக்கு இன்னொன்று. கரும்பு ஆராய்ச்சியைச் செய்த நால்வரில் முதற்பெயர் ஆனந்தி மணியுடையது. அவர் பொருளாதாரம் கற்ற பெண்மணி. செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா சென்றவர். கல்லூரியில் கணிப்பொறி இயல், கணிதம், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்தே படித்தார். பதினோராம் வகுப்பில் சேரும்போது "கணக்கா, காமர்ஸா, கம்ப்யூட்டரா?" என்று பிரித்துப் போட்டு அழுகிற தோழியர் இதைக் கவனிக்கவும்.

இறுதியாக, கரும்புக்கே திரும்புகிறேன். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பைக் கொடுத்த 14 நாள்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர வேண்டும். நிலுவை என்ற சொல்லை நம் மாவட்டத்தில் விளக்க வேண்டியதில்லை. அந்த 15 சதவீதம் பணத்துக்கான வட்டி. காத்திருக்கும் மாதங்களில் அவர் தலைக்குள் சுருங்கிப்போகும் இடத்துக்கு எந்த ஆணையிலும் வட்டி குறிக்கப்படவில்லை. அதற்குள் அடுத்த நடவுக்கு எந்த விதைக்கரணை வாங்குவது, எவரிடம் கடன் கேட்பது, மகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதையெல்லாம் அவர் முடிவு செய்துவிட்டிருப்பார்.