யார் வரக் கூடாது?

தேர்தல் வந்துவிட்டது என்பதை சத்துவாச்சாரிக்காரர்களுக்கு முதலில் சொல்வது சர்வீஸ் ரோடு நெரிசல். கலெக்டர் ஆபீஸ் எங்கள் ஊரில் இருப்பதால் வேட்புமனு கொடுக்க எல்லோரும் இங்கே வந்தாக வேண்டும். வேட்பாளரோடு நாலு பேர்தான் உள்ளே போகலாம். மிச்சக் கூட்டம் மேளத்தோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும். டீக்கடைகளுக்கு நல்ல வியாபாரம்.

ஆனால் வேலூரின் எம்.பி. யார் என்பதை நாங்கள் முடிவு செய்வதாக நினைத்துக்கொள்வது வீண் பெருமை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் காட்பாடி, அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. (காட்பாடியில் பல முறை வென்ற தி.மு.க. துரைமுருகனின் மகன் கதிர் ஆனந்த் நின்றது வேலூரில், அப்பாவின் தொகுதி ஓட்டு மகனுக்குக் கிடையாது!) மேற்கே தொலைவில் இருக்கும் ஆம்பூரும் வாணியம்பாடியும் எங்களோடு சேர்ந்திருக்கின்றன. முடிவு அங்கேதான் எழுதப்படுகிறது.

2019-ஐ நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடே ஏப்ரல் 18 அன்று ஓட்டுப் போடக் காத்திருந்தபோது, இரண்டு நாள் முன்பு வேலூர் தேர்தல் மட்டும் ரத்து. சிமெண்டு கிடங்கு ஒன்றில் கட்டுக் கட்டாக 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியிருந்தது. பண விவகாரத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நின்றுபோனது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. பிறகு ஆகஸ்டு 5 அன்று தனியாக ஓட்டுப் போட்டோம். மோடி ஏற்கெனவே பிரதமராகிவிட்டார். எங்கள் ஓட்டால் ஆட்சியில் ஒரு துரும்பும் அசையப் போவதில்லை. இருந்தும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் போய் வரிசையில் நின்றார்கள்.

கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். நோட்டாவுக்கு விழுந்ததே 9,417. இரட்டை இலையில் நின்ற ஏ.சி.சண்முகம் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மூன்றிலும் முன்னிலை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மூன்றும் கதிர் ஆனந்துக்கு. அதிலும் வாணியம்பாடி அள்ளிக் கொடுத்ததுதான் கரை சேர்த்தது.

பணம் பேசியது, சாதி பேசியது என்று இன்றைக்கும் சொல்வார்கள். இரண்டும் இல்லாத தேர்தலை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஜூலையில் நடந்ததை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. முத்தலாக் மசோதாவை அ.தி.மு.க.வின் ஒரே மக்களவை உறுப்பினர் ரவீந்திரநாத் குமார் ஆதரித்துப் பேசினார். அதே கட்சி மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசியது. ஓட்டுப் போட்ட அன்று காலையிலேயே காஷ்மீரின் 370-ஆவது பிரிவு பற்றிய அறிவிப்பு. முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேட்பாளரின் பெயர் பெரிதாகப் பேசப்படவில்லை. “ஓட்டு பிரியக் கூடாது” என்பதுதான் பேச்சு. 2014-இல் அது பிரிந்துதான் போனது. அ.தி.மு.க.வின் செங்குட்டுவன் வென்றார், தாமரையில் நின்ற சண்முகம் இரண்டாவது, முந்தைய எம்.பி.யான முஸ்லிம் லீக் அப்துல் ரகுமான் மூன்றாவது.

இந்தக் கணக்கு நம்முடையது மட்டும் என்று எண்ண வேண்டாம். கனடாவில், டொரண்டோ நகரின் மேற்குப் பகுதியில் டாவன்போர்ட் என்றொரு தொகுதி. குடியேறிகளும் வாடகை வீட்டுக்காரர்களும் நெருக்கியடித்து வாழும் இடம். கன்சர்வேடிவ் கட்சிக்கு அங்கே வேலை இல்லை. சண்டை லிபரலுக்கும் அதற்கு இடப்பக்கம் இருக்கும் புதிய ஜனநாயகக் கட்சிக்கும். அந்நாட்டின் முதல் தமிழ் எம்.பி. ராதிகா சிற்சபைஈசன் 2011-இல் வென்றதும் இந்தக் கட்சியில்தான். 2021-இல் டாவன்போர்டில் லிபரல் வேட்பாளர் ஜெயித்தது வெறும் 76 ஓட்டில். ஆனால் 2025 ஏப்ரலில் கன்சர்வேடிவ் ஆட்சிக்கு வந்துவிடுமோ என்ற பயம் நாடு முழுவதும் பிடித்துக்கொள்ள, இடதுசாரி மனம் உள்ளவர்களும் கும்பலாக லிபரலுக்குப் போட்டார்கள். புதிய ஜனநாயகக் கட்சி 343-இல் 7 இடத்தோடு நின்றது. அதன் தலைவர் ஜக்மீத் சிங்கே தோற்றார். அவர்கள் ஊரிலும் ஓட்டு பிரியவில்லை.

இங்கே 2024-இல் அதே இருவர் மோதினார்கள். சண்முகம் மறுபடி தாமரை. 1984-இல் இதே வேலூரில் இரட்டை இலையில் ஜெயித்து டெல்லி போனவர் அவர். அதன்பின் இலைக்கும் தாமரைக்கும் இடையே மாறி மாறி நின்றும் கைகூடவில்லை. இம்முறை வித்தியாசம் 2,15,702. அ.தி.மு.க. கூட்டணியைவிட்டுப் பிரிந்து நின்றதால்தானே என்பார்கள். சண்முகத்தின் ஓட்டையும் அ.தி.மு.க. பசுபதியின் ஓட்டையும் கூட்டினால் 4,70,672. கதிர் ஆனந்த் வாங்கியது 5,68,692. கூட்டிப் பார்த்தும் தோல்விதான்.

ஒருவரைத் தடுக்கப் போடும் ஓட்டை நான் குறை சொல்ல மாட்டேன். தனக்கு ஆபத்து என்று நினைப்பதைத் தடுக்க ஒருவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. என் வருத்தம் வேறு. அந்த ஓட்டோடு கோரிக்கை எதுவும் சேர்ந்து போவதில்லை. பாலாற்றைக் கெடுக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது, ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நடுவில் எத்தனை மக்களவைத் தேர்தல்! எந்த வேட்பாளரும் இதனால் ஜெயித்ததுமில்லை, தோற்றதுமில்லை.

கனடாக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். டிரம்பின் இறக்குமதி வரி அவர்கள் தேர்தலுக்கு நடுவில் வந்து விழுந்தது. அதைப் பேசாமல் எவரும் ஓட்டுக் கேட்க முடியவில்லை. நமக்கு 50 சதவீத வரி வந்தது 2025 ஆகஸ்டில், ஓட்டுப் போட்டு ஓராண்டுக்கும் மேல் கழித்து. அமெரிக்க ஆர்டரை நம்பித் தைக்கும் எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு அது பலத்த அடி. கம்பெனி பஸ்ஸில் விடியற்காலை ஏறிப் போகும் பெண்களின் வேலையும் அந்த ஆர்டரில்தான் இருக்கிறது. வரியும் வர்த்தக ஒப்பந்தமும் மாநில அரசின் கையில் இல்லை; டெல்லியில் எம்.பி. போய்க் கதவைத் தட்ட வேண்டிய விஷயம். ஆனால் நாம் அவரை அனுப்பியது இன்னொருவர் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ள. அந்த வேலை ஓட்டு எண்ணிய அன்றே முடிந்துவிட்டது.