விழுந்தாலும் தரை உண்டு

பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டைப் பற்றிக் குடும்ப ஏடு ஒன்று பேசத் தொடங்கினால், கண்டன உரை வரப்போகிறது என்றே வாசகர்கள் எண்ணுவார்கள். நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் விளையாட்டுகள் மலிந்த இக்காலத்தில் அந்தக் கண்டனத்திற்கும் தேவை உண்டு. ஆயினும் இம்மாதம் நாம் திரும்பிப் பார்க்க விரும்புவது, பெற்றோர் கற்றுக்கொள்ளத் தக்க ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கும் பழைய விளையாட்டு ஒன்றையே.

அதன் பெயர் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் தனது 8 பிட் பொறிக்கென 1985 செப்டம்பர் 13 அன்று அதை வெளியிட்டது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் அதை வடிவமைத்தனர். கோஜி கோண்டோ இசையமைத்தார். நான்கு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. 1990களில் அப்பொறியின் நகல்கள் வழியாக நம் நாட்டு வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அன்று அதை ஆடிய சிறுவர் சிறுமியர் சிலர் இன்று தாய் தந்தையராகி இப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

கதை மிக எளியது. கவர்ந்து செல்லப்பட்ட இளவரசியை மீட்க, மீசைக்கார மாரியோ ஓடியும் தாவியும் 8 உலகங்களில் 32 கட்டங்களைக் கடக்க வேண்டும். தொடக்கத்தில் அவனுக்கு 3 உயிர்கள். பள்ளத்தில் விழுந்தால் ஓர் உயிர் போய்விடும். இந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றே அதைவிடப் பன்மடங்கு பெரிது. வானத்து மேகத்திற்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து, நிறத்தை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்திருக்கிறார்கள்.

முதல் கட்டத்தில் இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று அறிவுறுத்தும் சொல் ஒன்றும் திரையில் தோன்றுவதில்லை. பின் ஆடுபவர் எவ்வாறு கற்கிறார்? அக்கட்டத்தின் அமைப்பே ஆசானாக நிற்கிறது. முதல் எதிரி மெல்ல நடந்து வருகிறான். அவன்மீது மோதி உயிர் இழந்தாலும், தொடங்கிய இடம் நான்கடித் தொலைவுதான், இழப்பு பெரிதன்று. சற்று அப்பால், பெட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளிப்படுகிறது. அது எதிரியோ என்று ஆடுபவர் அஞ்சலாம். ஆனால் அது எதிரேயுள்ள குழாயில் முட்டித் திரும்பி மாரியோவை நோக்கியே வருகிறது. தொட்டவுடன் மாரியோ பெரிதாக வளர்கிறான். அஞ்சத் தக்கது எது, ஏற்கத் தக்கது எது என்பது அவ்வாறு விளங்கிவிடுகிறது.

நம்மை மிகவும் கவர்ந்தது அக்கட்டத்தின் பிற்பகுதியே. எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள், நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் தரை இருக்கிறது. தாவத் தவறினால் மாரியோ அத்தரையில் விழுவான், உயிர் போகாது, மேலேறி மீண்டும் முயலலாம். அதைக் கடந்த சிறிது தூரத்திலேயே மறுபடியும் இரண்டு படிக்கட்டுகள். இம்முறை நடுவே தரை இல்லை, பள்ளம். வேண்டிய தாவல் ஏறத்தாழ அதுவே. விழுந்தால் விளைவு மட்டும் வேறு. ஆடுபவர் தாமாகவே கற்றுக்கொள்ளும்படி இக்கட்டத்தை அமைத்ததாக மியாமோட்டோ பின்னாளில் நேர்காணலில் விளக்கியிருக்கிறார். விளையாட்டின் சுவை எதில் இருக்கிறது என்று தெளிந்த பிறகே தொடக்கக் கட்டங்களை உருவாக்குவது தம் வழக்கம் என்றும் அவர் கூறினார். முழு வழியும் அறிந்தவரே முதற்படியை அமைக்க வேண்டும் என்பது அதன் பொருள் அன்றோ?

பெற்றோராகிய நாம் வாழ்க்கையின் வழியை நம் பிள்ளைகளைவிட அதிகம் நடந்தவர்கள். அவர்களுடைய முதல் தாவலுக்கு அடியில் நாம் தரையை அமைத்திருக்கிறோமா, பள்ளத்தை வெட்டியிருக்கிறோமா? மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததைச் சொல்ல அஞ்சி, மதிப்பெண் அட்டையில் தானே கையெழுத்திடும் பிள்ளை உண்டு. முடிவு வெளியாகும் நாளில் வீட்டிற்குத் திரும்பக் கால் எழாமல் பேருந்து நிலையத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் உண்டு. அப்பிள்ளைகளுக்குத் தேர்வைவிடப் பெற்றோரின் முகமே பெரிய பள்ளமாகத் தோன்றுகிறது. சில வீடுகளில் இந்த அச்சம் ஆற்ற முடியாத துயரத்தில் முடிந்ததை நாம் அறிவோம்.

கடல்மேல் நடக்கத் துணிந்த இராயப்பர் காற்றைக் கண்டு அஞ்சி அமிழத் தொடங்கினார். ஆண்டவர் முதலில் கைநீட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். கடிந்துரைத்தது அதற்குப் பின்னரே. நம் வீடுகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

விளையாட்டில் மாரியோவுக்கு மூன்று உயிர்கள் உண்டு. தீர்ந்தாலும் மறுபடி தொடங்கலாம். இறைவன் நம் பிள்ளைக்கு இவ்வுலகில் தந்திருப்பது ஓர் உயிரே. ஆதலின் தவறி விழுவதற்குரிய தரை வீட்டிலேயே இருக்க வேண்டும். சிறு பொறுப்புகளைச் சிறு வயதிலேயே கொடுப்போம். கடைக்கு அனுப்பிய பிள்ளை மீதிச் சில்லறையைத் தொலைத்து வந்தால், அடுத்த வாரமும் அதே பிள்ளையை அனுப்புவோம். அடுத்த மதிப்பெண் அட்டை வரும் மாலையில், எண்ணைப் பார்க்குமுன் பிள்ளையை உட்காரவைத்து உணவு பரிமாறுவோம். கேட்க வேண்டியதை அதன்பின் கேட்கலாம்.