'மொக்கு' எண்டு சொல்ல முதல்

"கூப்பிடக் கூப்பிடக் கேக்காத மாதிரி இருப்பான். சரியான மொக்கு." போன விடுமுறையில் ஊரில் மாலை வகுப்பு எடுத்தபோது, தரம் 4 படிக்கும் ஒரு பெடியனை எங்களுக்கு இப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள். நாங்களும் நம்பினோம். ரெண்டு தரம் ஏசியும் விட்டோம். பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு வலிப்பு.

வலிப்பு எண்டால் விழுந்து கைகால் இழுத்து நுரை தள்ளுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். வெறிச்சுப் பார்த்தபடி 10, 15 செக்கன் அப்பிடியே நின்றுபோகிற வலிப்பும் இருக்கு. ஒரு நாளைக்குப் பல தடவை வரலாம். பிள்ளை விழாது, கத்தாது. ரீச்சர் சொன்ன கணக்கில் நடுப்பகுதி மட்டும் அவன் காதில் விழுந்திருக்காது. மிச்சம் எப்படி விளங்கும்?

வலிப்பு இல்லாத நேரத்திலும் சிக்கல் இருக்கு. மூளையில் இடையிடையே நடக்கும் மின் குழப்பம், இரவில் வலிப்பு வந்து கெட்ட நித்திரை, சில மருந்துகள் தரும் மந்தம் எல்லாமே கவனத்தையும் ஞாபகத்தையும் பாதிக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிப்பாட்டக் கூடாது, அது ஆபத்து. கிளினிக்கில் "படிப்பில் மாற்றம் தெரியுது" என்று சொன்னால் டொக்டர் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம். சரியான சிகிச்சை கிடைத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனா நாங்கள் என்ன செய்கிறோம்? நூல் கட்டுகிறோம். கையில் திறப்பைத் திணிக்கிறோம். நாளைக்குக் கலியாணம் குழம்பும் எண்டு பள்ளிக்கூடத்துக்கும் மறைக்கிறோம். விஷயம் தெரியாத ரீச்சர், புலமைப்பரிசில் ஓட்டத்தில் அவனைக் கடைசி வாங்கில் விட்டுவிடுகிறார். வருத்தத்தை மறைத்துப் பிள்ளைக்குப் பட்டம் வாங்கிக் குடுத்தது நாங்கள்தான்.

"40 பிள்ளைகளை வைச்சுக்கொண்டு ஒரு ரீச்சர் என்ன செய்யிறது?" எண்டு கேப்பீங்கள். நியாயம்தான். ஆனா நாங்கள் கேட்பதற்குக் காசு தேவையில்லை. முன் வாங்கில் இருத்துங்கோ. சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ, கரும்பலகையிலும் எழுதுங்கோ. எப்ப, எவ்வளவு நேரம் வெறிச்சுப் பார்த்தான் எண்டு ஒரு துண்டில் குறிச்சு வீட்டுக்குக் குடுங்கோ. அந்தத் துண்டு டொக்டருக்குப் பெரிய உதவி. சோதனையில் கூடுதல் நேரம் தேவைப்பட்டால் அதைப் பிள்ளையின் உரிமையாகக் கேளுங்கோ.

இரக்கப்படச் சொல்லி இதை எழுதவில்லை. நாங்கள் ஏசினது பிழை. அதை அந்தப் பெடியனிட்டயே சொல்லிவிட்டோம். இனி யாராவது ஒரு பிள்ளையை 'மொக்கு' எண்டு சொன்னால், சும்மா கேட்டுக்கொண்டு இருக்க மாட்டோம். நீங்களும் இருக்காதேங்கோ.