தேய்ந்த மூட்டுக்குத் தேதி ஏது?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியை இராஜாஜி பிறந்த ஊராகத் தேசம் அறியும். அவர் பிறந்த 1878-ஆம் ஆண்டில் விவசாயமே ஜீவனமாக இருந்த அந்த வட்டாரம், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பிறகு, லாரியும் இருசக்கர வாகனமும் கைக்கடிகாரமும் செய்கின்ற பெரும் தொழிற்பிரதேசமாக மாறிவிட்டது. அங்குள்ள கம்பெனி வாசல்களில் செக்யூரிட்டி உடுப்பில் நின்று, வருகிற வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிடுகிறவர்களில் முன்னாள் படைவீரர்களும் உண்டு. பதினெட்டு இருபது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைப்பதற்குக் குறைந்தபட்சம் வேண்டிய 15 வருஷ சேவையை முடித்தோ, அதற்குமேல் சில வருஷங்கள் நீடித்தோ, முப்பத்தைந்து நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பியவர்கள் அவர்கள். அவர்களில் முழங்கால் நோவால் படியேற முடியாதவர்கள் இருக்கிறார்கள். இடுப்பில் தொடங்கும் வலி தொடை வழியே இறங்கிக் குதிகால்வரை சுரீரென்று பாய்வதைப் பல்லைக் கடித்துப் பொறுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாள் முழுதும் நிற்கின்ற உத்தியோகத்துக்கே அவர்கள் மறுபடியும் வந்து சேர நேர்கிறதென்றால், அவர்களுடைய உடலின் நஷ்டத்தை அரசாங்கம் எப்படிக் கணக்கிடுகிறது என்று கேட்பது நம் எல்லோருக்கும் உரிய காரியம்.

இதே தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷினில் விரலைப் பறிகொடுக்கும் தொழிலாளியின் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரல் போனால் 12 சதவீதம் என்று வரையறுத்தது. இந்தக் கணக்கு கருணையற்றதாகத் தோன்றலாம்; ஆயினும் விரல் எந்த நாளில், எந்த மிஷினில், எந்த ஷிஃப்டில் போயிற்று என்பதில் தர்க்கத்துக்கு இடமில்லாததால், ஏழைத் தொழிலாளிக்கு அதுவே ஒரு பாதுகாப்பாகவும் அமைந்துவிடுகிறது. மூட்டுத் தேய்மானத்துக்கும் நரம்புக் கோளாறுக்கும் அப்படிப்பட்ட நாளும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

படைவீரனின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு விதிகள் இரண்டு நிபந்தனைகளை வைக்கின்றன. நோய், ராணுவ சேவையால் உண்டானதாகவோ, சேவையால் அதிகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்பது முதலாவது. அந்த ஊனத்தின் அளவை மெடிக்கல் போர்டு 20 சதவீதத்துக்குக் குறையாமல் நிர்ணயிக்க வேண்டும் என்பது இரண்டாவது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. உதாரணமாக, கடைசிச் சம்பளம் 40,000 ரூபாயாக இருந்த ஹவில்தாருக்கு 20 சதவீத ஊனம் என்று எழுதப்பட்டால் மாதம் 2,400 ரூபாய். 1996 முதல் கணக்கிடப்படும் முறைப்படி அந்த 20 சதவீதம் 50 சதவீதமாக உயர்த்தி எண்ணப்பட்டால் 6,000 ரூபாய். 19 சதவீதம் என்று எழுதப்பட்டாலோ ஒன்றுமே இல்லை. இந்த உயர்த்துதல், நோயினால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமல்லாமல், சேவைக்காலத்தை முடித்து ஊனத்தோடு ஓய்வுபெற்றவர்களுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் 2014-இல் தீர்ப்பளித்தது. ஒரு காலைப்பொழுதில் ஒரு வைத்தியர் எழுதுகிற எண்ணில் ஒன்று குறைவதற்கும் கூடுவதற்கும் இவ்வளவு வித்தியாசம் உண்டு.

எண்ணைக்காட்டிலும் பெரிய சங்கடம் காரணத்தைப் பற்றியது. முதுகெலும்புத் தேய்மானத்தோடு ஓய்வுபெறும் சிப்பாயின் மெடிக்கல் போர்டு காகிதத்தில் அடிக்கடி காணப்படும் வாசகம், நோய் அமைதிப் பகுதியில் தொடங்கியது, ஆகையால் சேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதாகும். எங்கே முதல்முதலாக ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அந்த நோயின் பெயர் எழுதப்பட்டதோ, அங்கேதான் நோய் பிறந்தது என்று போர்டு எடுத்துக்கொள்கிறது. சியாச்சினிலும் லடாக்கிலும் சுமை தூக்கி ஏறி இறங்கியவன், பிறகு பெங்களூரிலோ செகந்தராபாத்திலோ பணியாற்றும்போது எழுந்து நிற்க முடியாமல் வைத்தியரிடம் போனால், பழி பெங்களூரின் மீது விழுகிறது, மலை தப்பித்துக்கொள்கிறது.

இது சரீர சாஸ்திரத்துக்கே பொருந்தாத வாதம். முழங்காலில் எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. அது தேயும்போது வலிப்பதில்லை, தேய்ந்தபின் முன்போல் வளர்வதுமில்லை. தேய்மானம் எலும்பையும் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களையும் பாதித்த பிறகே வலி தெரிகிறது. அதற்குள் வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டும் அப்படியே: அதன் ஓரம் சிறுகச் சிறுகத் தளர்ந்து, ஒரு நாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போது பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது. அந்த வாளியைக் காரணமாகச் சொல்கிறவன் கடைசி நாளை மட்டும் பார்க்கிறான். அணிவகுப்பு, முதுகில் மூட்டையோடு ஓட்டம், கற்பாதையில் லாரிப் பிரயாணம், கடுங்குளிரில் இரவுக் காவல் ஆகியவற்றால் பதினைந்து வருஷங்களில் சேர்ந்த கேட்டுக்கு ஒரு தேதியும் ஓர் இடமும் கேட்பது நியாயமாகாது. பயிற்சியாலும் நடையாலும் நெடுநேரம் நிற்பதாலும் பாதிக்கப்படும் நோய்கள் என்று ஒரு தனி வகுப்பையே 1982-ஆம் ஆண்டின் விதிகள் வைத்திருந்தன என்பதை நினைக்கும்போது, பழைய விதிகளை எழுதியவர்களுக்கு இந்த உண்மை தெரிந்தேயிருந்தது என்று தோன்றுகிறது.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் முன்னமே பதிவில்லை என்பதும் ஓர் ஆட்சேபமாகச் சொல்லப்படுகிறது. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். உடல் தகுதி ‘ஷேப் ஒன்’ என்ற முதல் நிலையிலிருந்து இறங்கி, ‘லோ மெடிக்கல் கேட்டகரி’ ஆகிவிட்டால், பதவி உயர்வும் சேவை நீடிப்பும் கேள்விக்குறியாகும். நல்ல போஸ்டிங்கும் கோர்ஸும் நழுவிப்போகும். குடும்பத்தைக் கரையேற்ற வேண்டிய நாயக், ‘எம்.ஐ. ரூம்’ என்று அழைக்கப்படும் யூனிட் வைத்திய அறையில் இரண்டு வலி மாத்திரையை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஓட்டத்தில் முதல் வரிசையில் நிற்பதே விவேகம் என்று கருதுகிறான். சக சிப்பாய்களின் முன்னால் தளர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத ரோஷமும் அதோடு சேர்கிறது. எந்தக் குணத்தைப் பட்டாளம் அவனிடம் வளர்த்ததோ, அந்தக் குணமே ஓய்வுநாளில் அவனுக்கு விரோதமான சாட்சியாக நிற்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

நீதிமன்றங்கள் இதை உணர்ந்தே இருக்கின்றன. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-இல் சிக்னல் படையில் சேர்ந்தவர். வலிப்பு நோயின் காரணமாக 1994-இல் வெளியேற்றப்பட்டவர். சேவைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கு மறுக்கப்பட்ட ஓய்வூதியத்தை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 2-ஆம் தேதி வழங்கியபோது, படையில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு ஒன்றும் இல்லையென்றால், அவன் நல்ல தேகத்தோடு வந்தான் என்றே கொள்ளவேண்டும், சேவையால் வந்ததன்று என்று சொல்கிறவர்களே அதற்குக் காரணம் காட்டவேண்டும் என்று விளக்கியது. நரம்பு சம்பந்தமான ஒரு நோயில் பிறந்த தீர்ப்பு இது என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த நியாயம் முழங்காலுக்கும் முதுகுக்கும் இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏனெனில் படையில் சேரும் இளைஞனை ஓடவைத்து, குதிக்கவைத்து, கம்பத்தில் தொங்கவைத்துப் பார்த்த பின்னரே அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது.

அளவிடும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னாள் படைவீரர்களின் ஊனத்தை அளவிடும் அமெரிக்க முறையில் குறைகள் உண்டு, வழக்குகளும் தேக்கமும் உண்டு. ஆனாலும் மூட்டையும் நரம்பையும் பற்றி அவர்கள் எழுதிவைத்திருப்பவற்றில் நாம் கற்கத்தக்கன இருக்கின்றன. முன்னால் குனியும்போது இடுப்பு 60 பாகைக்கு மேல் வளையாவிட்டால் 20 சதவீதம், 30 பாகைக்கு மேல் வளையாவிட்டால் 40 சதவீதம் என்று கோணமானியால் அளந்து சொல்லும் வரையறை அங்கே உண்டு. இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் பெரிய நரம்பின் கோளாறுக்கு, இலேசானதற்கு 10 சதவீதம் முதல் முற்றிலும் செயலிழந்ததற்கு 80 சதவீதம்வரை படிகள் உண்டு. 1995-இல் டெலூக்கா என்பவரின் வழக்கில், மூட்டு எத்தனை பாகை வளைகிறது என்பதோடு நிற்காமல், வலியினாலும், திரும்பத் திரும்ப உபயோகிப்பதாலும், வலி முற்றும் நாட்களிலும் எவ்வளவு செயல் குறைகிறது என்பதையும் எண்ணவேண்டும் என்று அங்கே தீர்ப்பாயிற்று. இந்தத் தத்துவம்தான் நமக்கு வேண்டும். வைத்தியரின் அறையில் ஒருமுறை குந்தி எழுந்து காட்டும் மனிதன், எட்டு மணி நேரம் வாசலில் நின்றபின் பஸ்ஸின் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாதவனாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் மனிதன் அனுபவிக்கும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பது எலும்பு வைத்தியர்கள் எல்லோரும் அறிந்ததே.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. நம் நாட்டில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் சிலரால் துர்விநியோகம் செய்யப்படுகிறது, உண்ணும் முறையாலும் வாழும் முறையாலும் வருகின்ற நோய்களுக்கும் அது கேட்கப்படுகிறது என்ற கவலையே, 2023 செப்டம்பர் 21-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த புதிய விதிகளுக்குப் பின்னணியாக இருந்தது. ஓய்வுபெறும் சிப்பாய்களைக்காட்டிலும் அதிகாரிகளிடையே அந்த ஓய்வூதியம் பெறுவோரின் விகிதம் மிகுந்திருப்பதை மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையும் சுட்டிக்காட்டியிருக்கிறது. பொதுப்பணத்தைக் காப்பது கடமையே. ஆனால் மேல்தட்டில் எழுந்த சந்தேகத்தின் பாரத்தைக் கீழ்த்தட்டில் இருக்கும் சிப்பாயின் முதுகில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? ரத்தக் கொதிப்பைப் பற்றி வாதாடலாம். வளையாத முழங்காலைக் கோணமானியால் அளக்கலாம், தளர்ந்த நரம்பின் ஓட்டத்தைக் கருவியால் பதிவு செய்யலாம். பொய்யைப் பிடிக்க வேண்டுமானால் அளவுகோலைத் திருத்துங்கள். காரணமே எழுதாமல் சம்பந்தமில்லை என்று ஒரு வரியில் கைகழுவுவதால் பொய்யனும் மெய்யனும் ஒன்றாகவே தண்டிக்கப்படுகிறார்கள்.

ஆகையால் மூன்று காரியங்களை ராணுவ அமைச்சகம் செய்யலாம். மூட்டு, நரம்பு நோய்களில் முதல் பதிவு நடந்த ஊரை விட்டுவிட்டு, அந்த வீரன் முழுச் சேவையிலும் எங்கெங்கே என்னென்ன பணி செய்தான் என்பதை மெடிக்கல் போர்டு ஆராய்ந்து எழுத வேண்டும். மறுக்கும்போது விரிவான காரணத்தை அவன் வாசித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் கொடுக்க வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே மூட்டுகளையும் முதுகையும் பரிசோதித்து, பதவி உயர்வுக்குப் பங்கமில்லாமல் பதிவு செய்ய ஒரு வழி திறக்க வேண்டும். இந்த மூன்றாவது நடந்தால் மற்ற இரண்டின் பாதி வேலை தானே முடிந்துவிடும்.

அதுவரை நம் வட்டாரத்தில் செய்யக்கூடியதும் உண்டு. மறுப்புக் கடிதம் வந்த சிப்பாய், ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவும் பயன்படாவிட்டால் இரண்டாவது முறையீடும், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் அச்சான அந்த மறுப்பைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு மறுநாள் கம்பெனிக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்த விவரம் தெரிவதில்லை. கிருஷ்ணகிரியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மாதம் ஒரு நாள் ஓசூரில் முகாமிட்டு, மெடிக்கல் போர்டு காகிதங்களைப் படித்துச் சொல்லவும் முறையீட்டை எழுதித் தரவும் ஏற்பாடு செய்யலாம். முன்னாள் வீரர்களைக் காவலுக்கு வைத்திருக்கும் கம்பெனிகள், அந்த முகாமுக்குப் போக அன்று அரைநாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கலாம்; வாசலில் உட்கார ஒரு நாற்காலியும் போடலாம்.